யூதெல்காவின் ஒன்பது புட்டிகள்

எங்கள் ஊரான மோக்காவில் பிள்ளைத்தாச்சிகளுக்கான வைட்டமின் மாத்திரையைப் பிள்ளைத்தாச்சிதான் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் பார்லருக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் அதை விழுங்குகிறவர்கள்தான். அறுபது தாண்டியவர்களும் அவர்களில் உண்டு. எல்லாம் முடிக்காக. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முடி அடர்த்தியாகிறதல்லவா, அப்படியானால் விஷயம் அந்த மாத்திரையில்தான் இருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவதி எங்கள் தீவில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். அந்தப் புண்ணியவதி நானில்லை. ஆனால் அவள் சொன்னதை இருபத்திரண்டு வருஷமாக மோக்கா முழுக்கப் பரப்பியவள் நான்தான்.

என் பெயர் நூரிஸ். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஆறு நாற்காலி, நாலு டிரையர், ஓயாமல் காப்பி கொதிக்கும் ஓர் அடுப்பு, இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். அதில் நான் ராணி, யூதெல்கா மந்திரி. தலை அலசுவது, ரோலர் சுற்றுவது, தலைக்குப் போடும் பூச்சைக் கலக்குவது எல்லாம் அவள் வேலை. பேசுவது என் வேலை. பதினோரு வருஷமாக இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எட்டு வாரம் ஆச்சு."

எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த சீப்பைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். யூதெல்காவுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் எலிஹியோ மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறான், நல்லவன். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கி, இரண்டும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டன. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. மூணு மாசம் போகட்டும்" என்றாள்.

"நான் ஏன்டி சொல்லப்போறேன்?"

நான் பெல்கிஸ் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். பெல்கிஸ் அம்மா முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சேதி தெரிந்தால் காலை வழிபாட்டில் அறிவிக்காமல் இருக்க முடியாத பிறவி. அன்று சாயங்காலத்துக்குள் மோக்காவுக்கே தெரிந்துவிட்டது. யூதெல்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல் புட்டிகள் வர ஆரம்பித்தன. ஜனவரி என்பது எங்களுக்குப் புட்டி மாதம். கிறிஸ்துமஸுக்கு நியூயார்க்கிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அப்போது இன்னும் ஊரில்தான் இருப்பார்கள். அவர்கள் பெட்டியில் துண்டு, சாக்லேட், செருப்பு இருக்கும். அவற்றுக்கு நடுவே வைட்டமின் புட்டி கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் வந்தவனை மோக்காவில் கஞ்சன் என்றுதான் சொல்லுவார்கள். வாங்க மறுத்தவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அன்பைக் காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி அது.

முதல் புட்டி பெல்கிஸ் அம்மாவின் தங்கையுடையது. ஒவ்வொரு மாத்திரையும் குதிரைக்குக் கொடுப்பது மாதிரி இருந்தது. அடுத்தது மாமியார் கொடுத்த மீன் ஈரல் எண்ணெய். பிறகு கடல்பாசி மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, பிள்ளை சிவப்பாகப் பிறக்க ஒன்று, புத்திசாலியாகப் பிறக்க ஒன்று, கொழுகொழுவென்று பிறக்க ஒன்று. எட்டாவதாக நான் கொடுத்தேன். தேன்துளி மாதிரி மஞ்சளாக மினுங்கும் குளிகைகள். முடிக்காக நான் எல்லோருக்கும் கொடுப்பதுதான்.

"இது முடிக்கும் தோலுக்கும் அப்படி வேலை செய்யும்டி. பிள்ளைக்கு மட்டும் கெடுதலா பண்ணிடப்போகுது? வைட்டமின்தானே. வேணும்ங்கறத உடம்பு எடுத்துக்கும், மிச்சத்த ஒண்ணுக்குல தள்ளிடும்" என்றேன்.

இது என் வேதவாக்கு. ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்.

"சரிக்கா" என்று வாங்கி, அலமாரியில் வரிசையாக வைத்தாள். ஒன்பதாவது, அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் கொடுத்தது. சிவப்பாக, பளபளப்பு எதுவும் இல்லாத இரும்பு மாத்திரை. அதிலேயே ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்ததால், அதைத் தனியாக ஒரு காலிப் புட்டியில் கொட்டி வைத்தாள். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நியூயார்க் புட்டிகளுக்கு நடுவில் அதை யார் மதிப்பார்கள்?

"எல்லாத்தையும் ஒழுங்கா எடுக்கறியா?" என்று தினமும் கேட்பேன்.

"ம்" என்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மதியத்துக்கு வெங்காயம் போட்ட ஈரல் வறுவல் கொண்டுவந்து கொடுத்தேன். மால்ட்டா என்ற கறுப்பு மால்ட் பானத்தில் கெட்டிப்பால் ஊற்றிக் கலக்கி நானே நின்று குடிக்க வைத்தேன். ரத்தம் ஊறுவதற்கு எங்கள் ஊரில் அதற்கு மிஞ்சியது இல்லை. நடுநடுவே காப்பி வேறு. பார்லரில் காப்பி இல்லாமல் யார் பேச முடியும்?

அந்த இரண்டு மாதமும் கடையில் கூட்டமோ கூட்டம். காரணம் எங்கள் பூச்சு. அவகாடோ, முட்டை, விளக்கெண்ணெய், கூடவே இரண்டு மூன்று பிள்ளைத்தாச்சி மாத்திரையைப் பொடித்துப் போட்டது, இதுதான் வழக்கமான கலவை. திடீரென்று அது வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. முடி பளபளத்தது. பெல்கிஸ் அம்மாவின் நரையில் மெல்லிய செம்பு நிறம் ஏறியது.

"என்னடி நூரிஸ் போட்ட, இருபது வயசு கொறஞ்ச மாதிரி இருக்கேன்" என்று அவர் கண்ணாடி முன்னாலிருந்து எழுந்திருக்கவே மாட்டார்.

"கைராசிம்மா" என்று நான் சொல்லிக்கொண்டேன். பக்கத்து ஊரான சால்செதோவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

இதற்கிடையில் யூதெல்கா வெளிறிக்கொண்டே போனாள். தலை அலசும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். பிப்ரவரியில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதரை இருந்தது. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். டாக்டர் இரும்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். மார்ச் கடைசியில் மறுபடி பார்த்தபோது எட்டே கால். கூட்டிக் கொடுத்த பிறகு எப்படி இறங்கும்?

"வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கூட யாராவது வர வேண்டும் என்றும் சொன்னாராம். எலிஹியோவுக்கு அன்று சவாரி. நான் போனேன்.

டாக்டர் லந்திகுவாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முடியை இழுத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார். முடியின் நுனி வெடித்திருந்தது. எனக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். பையைக் கவிழ்த்து ஒன்பது புட்டியையும் மேஜையில் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இருந்த பொடி எழுத்தைப் படித்து ஒரு தாளில் எழுதினார். அவர் எழுத எழுத நெற்றி சுருங்கியது.

"வைட்டமின் ஏ நாலு புட்டியில இருக்கு" என்றார். "அதுல மூணு, தனித்தனியாப் பாத்தா பெரிசா ஒண்ணும் இல்ல. சேத்துப் பாத்தாதான் கஷ்டம். அதுவும் இந்த மஞ்சள் ஒண்ணு மட்டுமே ஒரு நாளைக்கு இருக்கவேண்டிய உச்ச அளவப் போல ரெண்டரை மடங்கு. இத யார் குடுத்தது?"

நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"மிச்சத்த ஒண்ணுக்குல தள்ளிடும்தானே டாக்டரம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சிலத தள்ளும். இத தள்ளாது. ஈரல்ல சேத்து வச்சுக்கும். மொத மூணு மாசத்துல பிள்ளையோட இதயம், முகம், மூளை எல்லாம் உருவாகற நேரம். அப்ப இது அளவுக்கு மீறிப் போனா அந்த வேலை தப்பாப் போகலாம். கடல்பாசியில அயோடின் எவ்வளவு இருக்குன்னு புட்டியிலயே போடல, அதுவும் வேணாம். அடிக்கடி ஈரல் சாப்பிடறீங்களா?"

 அந்தத் தேன்துளிகள் ஒவ்வொன்றும் என் கண்முன் வந்தன. ஈரல் வறுவல் வேறு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் யூதெல்கா வாயைத் திறந்தாள்.

"நான் எதையும் சாப்பிடல டாக்டர்."

"எதையும்னா?"

"இந்த ஒம்போதுல ஒண்ணைக்கூட. அக்கா குடுத்த ஈரலையும் பூனைக்குத்தான் போட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அப்ப புட்டியெல்லாம் பாதி காலியா இருக்கே, எங்கடி போச்சு?"

அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பூச்சுல போட்டேன்க்கா. நியூயார்க்ல இருந்து வந்தத எப்படிக் குப்பையில போடறது? எப்படியும் முடிக்குத்தானே எல்லாரும் சாப்பிடறாங்க. தெனமும் எல்லாத்துலயும் எடுத்து, மாத்திரையப் பொடிச்சும் குளிகையப் பிழிஞ்சும் கலந்துடுவேன். இரும்பு மாத்திரையையும் சேத்துத்தான்."

என் கைராசியின் கதை இதுதான். பெல்கிஸ் அம்மாவின் தலையில் ஏறிய செம்பு நிறமும் அரசாங்க மாத்திரையின் உபயம். நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மஞ்சள் சனியன் பிள்ளையின் பக்கத்தில்கூடப் போகவில்லை, மோக்காவின் மண்டைகளில்தான் போயிருக்கிறது என்றால் வேறென்ன வேண்டும்? டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்ப ஃபோலிக் ஆசிட்டும் உள்ள போகல" என்றார். "அது பிள்ளையோட முதுகுத்தண்டு சரியா மூடறதுக்கு வேணும். கரு தங்கின மொத நாலு வாரத்துல நடக்கற வேலை அது. நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். பெரும்பாலும் நல்லாத்தான் மூடியிருக்கும், பயப்படாதீங்க. இருபதாவது வாரத்து ஸ்கேன்ல பாத்துடலாம். இப்ப அவசரம் இரும்பு. எட்டுக்குக் கீழ போனா சந்தியாகோ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏத்தணும். பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாக்கூட உங்களுக்கு ஆபத்து. ஏம்மா சாப்பிடல? வாந்தி வருதா?"

இல்லை என்று யூதெல்கா தலையை ஆட்டினாள்.  பிறகு டாக்டரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், அந்தப் புட்டிகளைப் பார்த்துச் சொன்னாள்.

"போன ரெண்டு தடவையும் குடுத்தத எல்லாம் சாப்பிட்டேன். யார் எதக் குடுத்தாலும் சாப்பிட்டேன். இந்த மஞ்சளும் சாப்பிட்டேன், தெனம் ரெண்டு. ரெண்டு பிள்ளையும் தங்கல."

அவளுக்கு அந்த மஞ்சளைக் கொடுத்தது யார் என்று டாக்டருக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். பதினோரு வருஷம் கூட இருந்தவள், இதை மனதில் வைத்துக்கொண்டு தினமும் என் காப்பியைக் குடித்திருக்கிறாள். அப்புறம்தான் மற்றது வந்தது.

"அதனாலதான் போச்சா டாக்டரம்மா?" என்று கேட்டேன். 

டாக்டர் என்னைப் பார்த்தார். "தெரியாது. நெஜமாவே தெரியாது. இப்படிக் கலையறதுல முக்கால்வாசி கருவுலயே இருக்கற கோளாறால, யார் தப்பும் கெடையாது. ஆனா இல்லவே இல்லன்னு உங்களுக்கு என்னால சத்தியம் பண்ண முடியாது."

இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சொல்லவில்லை.

எட்டு புட்டியைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். ஒன்றை மட்டும் யூதெல்காவின் கையில் வைத்தார். "இது ஒண்ணு போதும். காலையில பத்து மணிக்கு ஒண்ணு, ஆரஞ்சு ஜூஸ்ல. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு மணி நேரம் காப்பி, பால், மால்ட்டாவுல ஊத்தற கெட்டிப்பால், எதுவும் கூடாது, இரும்ப உடம்புல சேர விடாது. வெளிக்கி கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. இது மருந்துதான், ஆனா அளவோட குடுக்கற மருந்து. நம்புங்க."

யூதெல்கா வாங்கிக்கொண்டாள். நம்பவில்லை என்று அவள் வாங்கிய விதத்திலேயே தெரிந்தது.

ஸ்கேனுக்கு இரண்டு வாரம் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் அந்தச் சிவப்பு மாத்திரையையும் ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸையும் வைத்தாள். நான் ஒருத்தியின் முடியை உலர்த்திக்கொண்டே பார்த்தேன். சுவரெல்லாம் கண்ணாடி இருக்கிற கடையில் எதையும் மறைக்க முடியாது. பதினோரு மணிக்கு ஜூஸைக் குடித்தாள். மாத்திரையை எடுத்துப் புட்டியில் போட்டாள்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

என் நாக்கு எப்படி அரித்தது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். விழுங்குடி என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் எந்த வாயால் சொல்வேன்? இதே வாயால்தானே அந்த மஞ்சளையும் விழுங்கச் சொன்னேன். காப்பியைப் பின்கட்டுக்கு மாற்றினேன். ஆரஞ்சு வாங்கி வைத்தேன். வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். வாடிக்கைக்காரிகள் எனக்குத் தொண்டை சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

நான்காம் நாள் படியேறும்போது யூதெல்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெள்ளைத் தாளாக இருந்தது. உட்கார வைத்து விசிறினேன். "ஒண்ணுமில்லக்கா, வெயிலு" என்றாள். வெயிலே இல்லை, தூறிக்கொண்டிருந்தது. எட்டுக்குக் கீழே போய்விட்டதோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் ஜூஸைக் குடித்தாள், மாத்திரையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. புனித வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை என்றால் மோக்காவில் பெண்ணாய்ப் பிறந்த அத்தனை பேரும் பார்லரில்தான் இருப்பார்கள். நாலு டிரையருக்கு அடியிலும் நாலு பேர், ரோலர் சுற்றி ஆறு பேர், வாசலில் ஐந்து பேர். பெல்கிஸ் அம்மா தங்கையின் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

"நூரிஸ், இவளுக்கும் அந்த மஞ்சள் புட்டி ஒண்ணு குடு. முடியும் வளரும், சீக்கிரமே விசேஷமானா அதுக்கும் ஆச்சு" என்றார்.

மணி பத்து. பலகையில் மாத்திரையும் ஜூஸும் இருந்தன. யூதெல்கா பக்கத்தில் நின்று ஒரு தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

நான் போய் டிரையர்களின் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றதும் நாலு தலைகளும் வெளியே வந்தன.

"கரண்டு போச்சா?" என்றாள் ஒருத்தி.

"போகல. நான் புடுங்கினேன். ரெண்டு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க, அப்பறம் போட்டு விடறேன்" என்றேன்.

எவ்வளவோ பேசியிருக்கிறேன் அந்தக் கடையில். ஊர்க்கதை எல்லாம் பேசியிருக்கிறேன். அன்று முதல் வார்த்தை வரவே மாட்டேன் என்றது.

"அந்த மஞ்சள் குளிகைய இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன். வயித்துல பிள்ளை இருக்கறவங்களுக்கும், வரப்போறவங்களுக்கும் அது ஆகாது. முடிக்கு நல்லதா, அதுவும் எனக்குத் தெரியாது. இருவது வருஷமாத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். யூதெல்காவுக்கு ரெண்டு தடவை வயித்துல இருக்கும்போது நான்தான் அதக் குடுத்தேன். தெனம் ரெண்டு போடுன்னு நான்தான் சொன்னேன். அவ கேக்கல, நானாக் குடுத்தேன். அந்தப் பிள்ளைங்க ஏன் போச்சுன்னு டாக்டருக்கே தெரியல. ஆனா குடுத்தது நான். அத அவ வாயால சொல்ல வேண்டியதில்ல, நான் சொல்றேன்."

 அப்புறம் மூலையிலிருந்து ஒரு குரல், "அப்ப என் முடி?" என்று கேட்டது.

"உன் முடி எப்படியும் நாலுதான், அதுக்கு ஏன் கவலைப்படற?" என்று பெல்கிஸ் அம்மா அதட்டினார். பிறகு, என்னைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வேறெதுவும் சொல்லாமல் தங்கை பெண்ணைக் கூட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான் பிளக்கைச் செருகினேன். டிரையர்கள் மறுபடி இரைந்தன. திரும்பிப் பார்த்தால், யூதெல்கா எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை எடுத்தாள். வாயில் போட்டாள். டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"தகரம் மாதிரி இருக்குக்கா."

"தகரம்தான். இரும்புன்னா வேற எப்படி இருக்கும்?"

சிறிது நேரம் ரோலர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "மாத்திரைக்கு நான் பயப்படலக்கா. அதாவது பயந்தேன்தான். ஆனா அத விடப் பெரிசு என்னன்னா, எல்லாரும் என் உடம்பத்தான் சொன்னாங்க. ஒடம்புல தெம்பில்ல, பிள்ள தங்கலன்னு. நீங்களும் சொன்னீங்க. ஒருத்தராவது அப்படி இல்லன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

சொல்லியிருக்கிறேன். அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன், பெல்கிஸ் அம்மாவின் தலையை வாரிக்கொண்டே.  அவள் தோளில் கை வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. இரண்டாம் நாளே வயிறு கல்லாகிவிட்டது என்று என்னைத் திட்டினாள், பப்பாளி வாங்கி வந்தேன். பழுத்ததுதானா என்று மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். என்மேல் இனி இந்த ஜென்மத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைக்க மாட்டாள். அதுவும் நல்லதற்குத்தான்.

ஸ்கேன் அன்று எலிஹியோ எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே வரச் சொன்னால், "நீங்க போங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டான். வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. ஆண்பிள்ளைகள் பயத்துக்கு ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. டாக்டர் லந்திகுவா வயிற்றில் பசையைத் தடவினார். யூதெல்கா முகத்தைத் திரையின் பக்கம் திருப்பவே இல்லை. என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"நான் பாக்க மாட்டேன்க்கா. நீங்க பாருங்க. உங்க மூஞ்சியப் பாத்து நான் தெரிஞ்சுக்கறேன்."

பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, மழையில் நனைந்த ஜன்னல் மாதிரி இருந்தது. டாக்டர் கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார்.   யூதெல்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டே போயின.

பிறகு டாக்டர் திரையில் விரலை வைத்தார். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒன்றுகூட விட்டுப்போகாமல்.

"முதுகுத்தண்டு" என்றார். "முழுசா மூடியிருக்கு. மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். இதயத்துல நாலு அறையும் இருக்கு. உதடு இருக்கு, பாருங்க, விரல் சப்புது. மத்தது ரத்த ரிப்போர்ட். எட்டரைக்கு ஏறியிருக்கு. மெதுவாத்தான் ஏறும். ஏற ஆரம்பிச்சிருச்சு, அதான் முக்கியம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு அழுகை வந்ததோ தெரியாது. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கெல்லாம் ஒழுக, தேம்பித் தேம்பி அழுதேன். என் புருஷன் செத்தபோதுகூட இப்படி அழவில்லை.  டாக்டர் சொன்னது எதுவும் யூதெல்கா காதில் ஏறவில்லை. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் செத்துப்போனது.

"போச்சா? அக்கா, போச்சா? சொல்லுங்கக்கா."

"லூசு, நல்லா இருக்குடி. முழுசா இருக்கு. முதுகு இருக்கு, இதயம் இருக்கு, வாய் இருக்கு. திரும்பிப் பாரு, விரல் சப்பிட்டு இருக்கு."

அவள் மெதுவாகத் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். டாக்டர் அவளுக்காக மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் அழவில்லை. என் அழுகைதான் நின்றபாடில்லை.

"போன ரெண்டு தடவையும் நீங்க அழவே இல்லையேக்கா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஞாபகம் வந்ததைச் சொன்னாள்.

ஆமாம். போன இரண்டு தடவையும் நான் அவளுக்கு ஈரல் வறுத்துக் கொடுத்தேன், அடுத்த தடவை நல்லபடியா நடக்கும் என்றேன், இரண்டாம் நாள் வேலைக்கு வரச் சொன்னேன்.

"இப்ப மூணு பேருக்கும் சேத்துத்தான்டி அழறேன்" என்றேன்.

 அவள் என் மணிக்கட்டை விடவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து, அடுத்து இருந்தவர்களைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொன்னார்.